சாட்சியும் விசாரணையும்: சங்கரி சந்திரனின் நாவல்களை முன்வைத்து

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற இலக்கியக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மர்மக் கதை என்றால் நம்மில் பலருக்கும் முதலில் நினைவில் வருவது ஜாம்போத்தல் விளக்குத்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயை அளந்து அளந்து எரித்தோம். போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டுத் திரி கொளுத்தி, பாடம் படித்து முடிந்த பின், மிஞ்சிய வெளிச்சத்தில் சுஜாதாவையும் ராஜேஷ்குமாரையும் வாசித்தோம். கை மாறிக் கை மாறி அட்டை கிழிந்து போன புத்தகங்கள் அவை. கடைசிப் பக்கத்தில் யார் கொன்றார், ஏன் கொன்றார் என்பது தெரிந்துவிடும். நிம்மதியாக உறங்குவோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டவரும் மர்மக் கதையின் வித்தை தெரிந்தவர். ஆனால் அவருடைய கதைகளை வாசித்தபின் அவ்வளவு எளிதாக உறக்கம் வராது. அவர் சங்கரி சந்திரன்.

இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். அவுஸ்திரேலியாவின் கன்பராவில் வளர்ந்தவர். சட்டம் பயின்று, பத்தாண்டு காலம் லண்டனில் சமூகநீதிச் சட்டத்தரணியாகப் பணியாற்றியவர். பின்னர் குடும்பத்தோடு சிட்னிக்குத் திரும்பி, நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதலானார்.

அவருடைய ‘சோங் ஒஃப் த சன் கோட்’ 1946 இல் மணவாழ்வைத் தொடங்கும் நளா, ராஜன் என்ற தம்பதியின் மூன்று தலைமுறையைச் சொல்கிறது. சிங்களம் மட்டும் சட்டம், கலவரங்கள், யுத்தம், புலம்பெயர்வு எல்லாம் அக்குடும்பத்தின் வாசலால் வந்து போகின்றன. அவுஸ்திரேலிய வாசகருக்கு இது பொருந்தாது என்று அங்குள்ள பதிப்பாளர்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 2017 இல் கொழும்பின் பெரேரா ஹுசைன் பதிப்பகமே அதை வெளியிட்டது.

அதே 2017 இல் ‘த பரியர்’ வெளிவந்தது. இதுதான் அவருடைய முதல் அரசியல் மர்ம நாவல். காலம் 2040. எபோலாக் கொள்ளைநோயும் போரும் உலகை இரண்டாகப் பிளந்திருக்கின்றன. நடுவே ஒரு மதில். மதிலைக் கடந்து, ஒரு விஞ்ஞானியைத் தேடிப் போகிறான் நோவா வில்லியம்ஸ் என்ற உளவாளி. தடுப்பூசி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் அதிகாரமும் இருக்கிறது என்பது கதையின் அச்சு. கொரோனா வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த நாவல் இது.

2022 இல் வெளிவந்த ‘சாய் டைம் அட் சினமன் கார்டன்ஸ்’ 2023 இல் மைல்ஸ் பிராங்ளின் பரிசைப் பெற்றது. அவுஸ்திரேலிய இலக்கியத்தில் இதற்கு மேலான மதிப்பு அரிது. சிட்னியில் தமிழர் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தைச் சுற்றிய கதை. அங்கிருந்த கப்டன் குக்கின் சிலை அகற்றப்பட்டதை வைத்துப் பகை மூட்டப்படுகிறது. இல்லத்தை நிறுவியவர்களில் ஒருவரான மாயா ஓர் எழுத்தாளர். தன் பெயரில் எழுதியவை ஏற்கப்படாததால் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் பெயரில் இரகசியமாக எழுதுகிறாள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பரிசு தாங்கி நிற்கும் பெயருக்குரிய ஸ்டெல்லா மைல்ஸ் பிராங்ளினும் ஒரு பெண்தான். ஆணின் பெயர்போல ஒலிப்பதற்காக ‘ஸ்டெல்லா’வை விட்டுவிட்டு எழுதியவர். பெண்ணின் சொல்லுக்கு எந்தக் காலத்திலும் ஏதோ ஒரு முகமூடி தேவைப்பட்டிருக்கிறது.

2024 இல் வந்த ‘சேஃப் ஹேவன்’ நமக்கு மிகவும் நெருக்கமானது. கடல் வழியே தப்பி வந்த ஃபினா என்ற தமிழ்ப் பெண், சின்ன ஊரொன்றில் அடைக்கலம் பெறுகிறாள். அகதிகள் தடுப்பு முகாமில் நடப்பதை வாய் திறந்து சொன்னதற்காக நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளாகிறாள். அதே முகாமின் காவலர் ஒருவரின் மரணத்தை விசாரிக்க லக்கி என்ற பெண் அதிகாரி வருகிறாள். குயின்ஸ்லாந்தின் பிலோயலா என்ற ஊரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பமொன்று 2018 மார்ச்சில் அதிகாலையில் கொண்டுசெல்லப்பட்டதும், ஊர்மக்கள் விடாது போராடி 2022 இல் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டதும் புலம்பெயர்ந்த சகோதரிகளுக்கு நன்கு தெரியும். அந்த நிகழ்வின் நிழல் இந்நாவலில் படிந்திருக்கிறது. அடுத்து வந்த ‘அன்ஃபினிஷ்ட் பிஸ்னஸ்’ நாவலிலோ, இலங்கையில் கொல்லப்பட்ட ஒரு பெண் பத்திரிகையாளரின் மரணத்தை ஆராய அமெரிக்க உளவுத்துறைப் பெண்ணொருத்தி வருகிறாள்.

இக்கதைகளை இந்த மண்டபத்தில் ஏன் பேச வேண்டும்?

மர்ம நாவலின் உயிர் ஒரே ஒரு செயலில் இருக்கிறது: யாரோ ஒருவர் மூடிய கோப்பைத் திறந்து கேள்வி கேட்கிறார். சங்கரி சட்டத்தரணி, கேள்வியின் பெறுமதி அவருக்குத் தெரியும். இங்கேயும் கோப்புகள் உண்டு. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் அமர்ந்தார்கள். சில நாளில் வவுனியாவிலும், பின்னர் முல்லைத்தீவிலும் அமர்ந்தார்கள். அவர்கள் கைகளில் பிள்ளைகளின் படங்கள். அப்படங்களுள் நம்மோடு ஒரே வாங்கிலில் இருந்தவர்களின் முகங்களும் உண்டு. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தது. படிவங்கள் நிரப்பப்பட்டன. பெற்றோர் பலர் விடை தெரியாமலே கண்மூடிவிட்டனர். கதையில் கடைசிப் பக்கம் உண்டு. இந்தத் தாய்மாருக்கு அந்தப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை.

ஆகவே சங்கரியின் நாவல்கள் நமக்குப் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. கேட்கப்பட வேண்டிய கேள்வியை, அதைக் கேட்கத் தயங்கும் தூரத்து வாசகரின் கையில், விறுவிறுப்பான கதையாகக் கொடுத்துவிடுகிறார். முள்ளிவாய்க்காலை வரைபடத்தில் கண்டிராதவர்கூட அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். அறிக்கைகள் செய்யாததை இக்கதைகள் செய்கின்றன.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். ‘அன்ஃபினிஷ்ட் பிஸ்னஸ்’ கதையில் விசாரிப்பவள் விமானத்தில் வந்து இறங்குகிறாள். கேள்வி கேட்பவர் வெளியார். ஊரார் பதில் சொல்பவர் மட்டும் என்பதுபோல் ஆகிவிடுகிறது. அந்தக் குறையை நிரப்பும் எழுத்து நம் மண்ணிலேயே உண்டு. பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வி, வன்னியின் வயலையும் இடப்பெயர்வையும் பல்லாண்டு எழுதியவர். படகேறி அவுஸ்திரேலியா சென்றவர்களின் கதையை ‘உயிர்வாசம்’ நாவலில் சொன்னார். தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ இறுதி யுத்தத்தினூடே நடந்து வந்தவரின் வாக்குமூலம். இவற்றில் துப்பறிபவர் இல்லை. இவை சாட்சியங்கள். ‘உயிர்வாச’த்தையும் ‘சேஃப் ஹேவ’னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்: ஒரே கடல், இரண்டு கரைகள். சாட்சி இல்லாத விசாரணை வெறும் விறுவிறுப்பு. விசாரிக்க ஆளில்லாத சாட்சி தனிமையில் அழுகின்ற அழுகை. இரண்டும் சேர வேண்டும்.

சேர்ப்பதற்கு நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? நூறு ஆண்டில் இக்கல்லூரி வளர்த்த பெண்கள் இன்று கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள், ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள், மெல்பேணிலும் இருக்கிறார்கள். தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். வெளிநாட்டிலுள்ள சகோதரிகளிடம் நாம் கேட்பது இரண்டே இரண்டு. இந்நூல்களை வாங்கி நம் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். முடிந்தவர்கள் சில அத்தியாயங்களையேனும் தங்கைமாருக்காகத் தமிழாக்குங்கள். இங்குள்ளவர்களிடம் கேட்பது ஒன்று. உங்கள் வகுப்பின் பழைய வரவு இடாப்பை நினைவிலிருந்து எழுதுங்கள். யார் எங்கே இருக்கிறார், யார் இறந்தார், யாரைப் பற்றி இன்னும் செய்தி இல்லை என்று பெயர் பெயராக எழுதுங்கள். இடப்பெயர்வில் தொலைந்த இடாப்புகளை வேறெவரும் நமக்கு மீட்டுத் தரமாட்டார்கள்.

தங்கைமாரே, மர்மக் கதை வாசியுங்கள். ஆசிரியை கேட்டால், விசாரணை பழகுகிறோம் என்று சொல்லுங்கள். நாளை உங்களில் ஒருத்தி சட்டத்தரணியாகலாம், ஒருத்தி பத்திரிகையாளராகலாம், ஒருத்தி நாவல் எழுதலாம். அந்த நாவலில் கோப்பைத் திறப்பவள் வேறு நாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. ஏ9 வீதியில் பஸ் ஏறி, இந்தக் கல்லூரி வாசலில் இறங்கி வந்தவளாகவே இருக்கட்டும்.