மண் காக்கும் வரலாறு
(தோட்டப்புற மக்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)



மண்ணோடு பழகி வாழ்பவர்கள் நாம். செம்பனை நடக் குழி வெட்டுகிறோம், வாய்க்கால் தோண்டுகிறோம், மறுநடவின்போது நிலத்தையே புரட்டுகிறோம். அம்மண்ணுக்குள் வரலாறும் புதைந்து கிடக்கலாம். ஆதலின், தொல்பொருளியல் பல்கலைக்கழக அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. மண்வெட்டி பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு.

கெடா மாநிலத்தில் ஜெராய் மலைக்குத் தெற்கே விரிந்துள்ளது பூஜாங் பள்ளத்தாக்கு. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் படை சென்ற கடாரம் இப்பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1930ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்பார் இங்கே 'சண்டி' எனப்படும் பழங்கோயில்களின் அடித்தளங்களை ஆராய்ந்து எண்ணிட்டார். புக்கிட் பத்து பகாட் சண்டி பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. 1980இல் மெர்போக்கில் தொல்பொருட்காட்சிசாலையும் திறக்கப்பட்டது.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் சுங்கை பத்துவில் செம்பனைகளுக்கிடையே அகழ்ந்தனர். ஆங்கே இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், இரும்புக் கசடும், துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய களிமண் குழல்களும் வெளிப்பட்டன. பார்ப்பவர் கண்ணுக்கு அவை கருங்கட்டியும் உடைந்த குழாயுமே. ஆயினும், ஒரு பெருந்தொழில் இங்கு நடந்தது என்பதற்கு அவையே சான்று.

இச்சான்றுகள் எவ்வாறு பேசுகின்றன? மண் அடுக்கடுக்காகப் படிகிறது. கலைக்கப்படாத நிலத்தில் கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. உயிருள்ளவை யாவற்றிலும் கதிரியக்கக் கரி சிறிதளவு உண்டு. உயிர் நீங்கியபின் அது குறைந்துகொண்டே வந்து, ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியுள்ளதை அளந்து, உலையில் கிடக்கும் அடுப்புக்கரியின் காலத்தை அறிஞர் கணிக்கின்றனர். அக்கரியுடன் அதே அடுக்கில் கிடந்த மணிக்கும் ஓட்டுக்கும் காலம் கிடைக்கிறது.

ஆகவே, பொருளைவிட அது கிடக்கும் இடமே பெரிது. ஒரு சிறுவன் பாசிமணியைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் அது வெறும் மணி. கிடந்த இடத்திலேயே விட்டுவைத்தால் அது வரலாறு.

2013ஆம் ஆண்டில், 11ஆம் எண் சண்டி நில மேம்பாட்டு வேலையின்போது இடித்துத் தள்ளப்பட்டது. நாடெங்கும் வருத்தக்குரல் எழுந்தது, இடிந்தது இடிந்ததே. அறிஞர் எண்ணிட்டு அறிந்த சின்னத்துக்கே இக்கதி நேர்ந்ததெனில், எவரும் அறியாதவற்றின் நிலை என்ன? ஏட்டில் உள்ள எண் மட்டும் ஒரு சின்னத்தைக் காப்பதில்லை. அருகில் வாழ்வோரின் கண்ணும் வேண்டும்.

எனவே, பழைய செங்கல் வரிசையோ, செதுக்கிய கல்லோ, மிகுதியான பானை ஓடுகளோ தென்பட்டால் அவ்விடத்தில் தோண்டுவதை நிறுத்துக. பொருளைக் கழுவவோ அசைக்கவோ வேண்டா. எந்த வரிசை, எவ்வளவு ஆழம் என்பதைக் குறித்துக்கொள்க. தண்டலிடமும் கிராணியிடமும் தெரிவித்து, மாவட்ட அதிகாரி அலுவலகத்திற்கு அறிவிக்கச் செய்க. அவ்வாறு அறிவிப்பது 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி கடமையுமாகும். அன்றைய கூலி போய்விடுமோ என்னும் அச்சம் நியாயமானதே. ஆதலின் வேலையை உடனே வேறு வரிசைக்கு மாற்றித் தருதல் நிருவாகத்தின் பொறுப்பாகும்.

ஆசிரியர்கள் மாணவர்களை மெர்போக்கிற்கு அழைத்துச் செல்லலாம். அது இயலாவிடின், பள்ளிக்கு அருகே புதிதாக வெட்டிய வாய்க்காலின் கரையைக் காட்டலாம். மண்ணின் நிறம் மாறுவதை வரைந்து, ஆழத்தை அளந்து எழுதும் பிள்ளை தொல்பொருளியலின் முதற்பாடத்தைக் கற்றவனாவான்.

நம் முன்னோர் காடு திருத்தி இந்நிலத்தைப் பண்படுத்தினர். அவர்களுக்கும் முன்னே இங்கு வாழ்ந்து உழைத்தவர் விட்டுச்சென்றவற்றைக் காப்பது நம் கடனாகும்.