வரிக்கணக்கைக் கேட்ட ஆசிரியைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிக்காகோ நகரிலே, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆரம்பப் பாடசாலை ஆசிரியைகளுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நகரத்துக் கல்விச் சபை அவர்களுக்குப் படிப்படியான சம்பள உயர்வொன்றை வாக்களித்திருந்தது. அதே சபை இப்பொழுது கையிற் பணமில்லையென்று கைவிரித்துவிட்டது. இத்தகைய சொல்லுக்கு ஆசிரியர்கள் வழக்கமாக அளிக்கும் மறுமொழி பெருமூச்சொன்றே. சிக்காகோ ஆசிரியைகள் அவ்வளவில் நின்றுவிடவில்லை. பணம் ஏன் இல்லை என்று கேட்கத் துணிந்தார்கள்.

அவர்களுக்கென 1897இல் அமைந்த ஆசிரியர் சம்மேளனம் ஒன்று இருந்தது. அதனை நடத்தியவர்கள் கதரின் கொகின், மார்கரெட் ஹேலி என்னும் இரு பெண்மணிகள். ஹேலி அம்மையார் ஐரிஷ் மரபில் வந்தவர். மாட்டிறைச்சித் தொழிற்சாலைகள் நிறைந்த ஏழைப் பகுதியொன்றில் ஆறாம் வகுப்பாசிரியை. ஒரு வகுப்பறையில் ஐம்பது, அறுபது பிள்ளைகள் நெருக்குண்டு கிடந்த காலம் அது. மாநகரத்தின் மேயரைத் தெரிவுசெய்யும் வாக்குரிமை அக்காலத்தில் சிக்காகோப் பெண்களுக்கு இல்லை. அமெரிக்கா முழுவதிலும் பெண்கள் அவ்வுரிமையைப் பெற்றது 1920இல். இலங்கைப் பெண்கள் அதற்குப் பதினோராண்டுகள் பிந்தி, 1931இற் பெற்றதை நேயர்கள் அறிவர்.

ஹேலி வகுப்பறையிலிருந்து விடுப்புப் பெற்று, வரிக்கணக்குகளைப் புரட்டத் தொடங்கினார். அங்கே கண்டது இது: நிலமோ வீடோ உடைய ஒருவர் அதன் பெறுமதிக்கேற்ப வரி செலுத்தவேண்டும், அவ்வரியின் ஒரு பங்கு பாடசாலைகளுக்குச் சேரும். நகரத்து வீதிகளிலே தண்டவாளம் இட்டும், குழாய் புதைத்தும், கம்பி இழுத்தும் பெரும்பொருள் ஈட்டிய டிராம், எரிவாயு, மின்சார, தொலைபேசிக் கம்பெனிகளோ, வீதிகளைப் பயன்படுத்தும் அவ்வுரிமைக்கு வரியே செலுத்தவில்லை. அவ்வுரிமைதான் அவர்களுடைய சொத்துக்களில் மிகப் பெறுமதியானது. சட்டம் அதனையும் மதிப்பிடும்படி கூறியிருந்தது. மதிப்பிடவேண்டிய மாநிலச் சபை கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

ஆசிரியைகள் வழக்குத் தொடர்ந்தார்கள். கம்பெனிகளின் பக்கம் கைதேர்ந்த சட்டத்தரணிகள் நின்றனர். எனினும், 1901இல் இல்லினோய் மாநில உயர் நீதிமன்றம் ஆசிரியைகளின் பக்கமே தீர்ப்பளித்தது. கம்பெனிகள் கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகி வரித்தொகையைப் பெரிதும் குறைத்துக்கொண்டன. அப்படியிருந்தும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6 இலட்சம் டொலர் பொதுப்பணத்திற்குப் புதிதாக வந்தது. கல்விச் சபையின் பங்கு மட்டும் இரண்டரை இலட்சத்துக்கு அண்மையானது.

இனிமேல்தான் வேடிக்கை. வந்த பணத்தைக் கல்விச் சபை நிலக்கரிக்கும் கட்டடத் திருத்த வேலைகளுக்கும் ஒதுக்கிவிட்டு, சம்பளத்துக்கு மீண்டும் கைவிரித்தது. ஆசிரியைகள் இம்முறை கல்விச் சபையின்மீதே வழக்காடினார்கள். 1904இல் நீதிபதி எட்வேட் டன் அவர்கள் ஆசிரியைகளுக்குச் சார்பாகத் தீர்ப்புக் கூறினார். அடுத்த ஆண்டில் அதே டன் நகரத்தின் மேயராகத் தெரிவானார். ஏழைகளிடையே தொண்டாற்றிய ஜேன் அடம்ஸ் அம்மையாரைக் கல்விச் சபையில் நியமித்தவரும் அவரே.

வழக்கு மன்றத்தில் வென்றது சட்டம் என்பது உண்மையே. ஆயினும் அதற்குப் பின்னால் நின்றது பொதுமக்களின் ஆதரவு. ஆசிரியைகள் கூட்டங் கூட்டினார்கள். வரி மோசடியை எளிய மொழியில் எடுத்து விளக்கினார்கள். 1902இல் அவர்கள் சிக்காகோத் தொழிலாளர் சம்மேளனத்தோடு இணைந்தபோது கற்றோர் பலர் முகஞ் சுளித்தனர். எழுத்தறிவிக்கும் பெண்கள் வண்டியோட்டிகளோடும் கசாப்புத் தொழிலாளரோடும் ஒரே சங்கத்தில் இருப்பதா என்றனர். அந்த வண்டியோட்டியின் பிள்ளைதான் ஆசிரியையின் முன்வாங்கில் இருந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஆசிரியைக்கு வாக்கில்லை, அத்தந்தைக்கு வாக்குண்டு. அவ்வாக்கும் தம் பிள்ளைகளின் பாடசாலையும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதைத் தொழிலாளர் விரைவிலே கண்டுகொண்டனர்.

இத்துணிவுக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1915இல் கல்விச் சபை, தொழிற்சங்கத்தோடு தொடர்புடைய சங்கங்களில் ஆசிரியர் சேரலாகாதென்று விதி செய்தது. மறுவருடம் 68 ஆசிரியர்கள் மீண்டும் வேலைக்கு அமர்த்தப்படவில்லை. அவர்களுட் பலர் சம்மேளனத்தைச் சேர்ந்தவர்கள். 1917இல் மாநில உயர் நீதிமன்றம், முன்னர் நியாயம் வழங்கிய அதே மன்றம், கல்விச் சபையின் அதிகாரத்தை உறுதிசெய்தது. சம்மேளனம் தொழிலாளரோடு கொண்டிருந்த உறவைத் துறந்தே தன் உறுப்பினரின் வேலையைக் காக்க முடிந்தது. ஹேலிக்கு அது கசப்பான நாளாகவே இருந்திருக்கும்.

இன்றுள்ள சிக்காகோ ஆசிரியர் சங்கம் 1937இல் உருவானது. அச்சங்கமும் இடையிலே பல்லாண்டுகள் சம்பளப் பேச்சோடு அமைந்திருந்தது. 1995இல் இயற்றப்பட்ட சட்டமொன்று கல்விச் சபையை நியமிக்கும் முழு அதிகாரத்தையும் மேயரிடம் ஒப்படைத்தது. பாடசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்படலாயின. 2008 முதல், ஆசிரியர் சிலர் மூடப்படவிருந்த பாடசாலைகளின் விசாரணைக் கூட்டங்களுக்குப் பெற்றோரோடு சென்று அமர்ந்தார்கள். 2010இல் அக்குழுவினரே சங்கத் தேர்தலில் வென்றனர். கரன் லூயிஸ் என்ற இரசாயன ஆசிரியை தலைவியானார்.

2012 செப்ரெம்பர் 10ஆந் தேதி ஏறத்தாழ 26,000 ஆசிரியரும் ஊழியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நகரம் ஆசிரியர் வேலைநிறுத்தத்தைக் கண்டு 25 ஆண்டுகளாகியிருந்தன. 75 வீத உறுப்பினர் சம்மதித்தாலன்றி வேலைநிறுத்தம் ஆகாதென்று முந்திய ஆண்டில் ஒரு சட்டம் செய்யப்பட்டிருந்தது; சம்மதித்தவர்களோ 90 வீதத்துக்கு அண்மையினர். மூன்றரை இலட்சம் பிள்ளைகள் வீட்டிலிருந்தனர். வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு அவ்வேழு பள்ளிநாட்களும் பெருந் தொல்லையே. எனினும் பெற்றோருட் பெரும்பாலோர் ஆசிரியரை ஆதரித்ததாகக் கருத்துக் கணிப்புக் காட்டியது. வேலைநிறுத்தத்துக்குப் பல மாதங்கள் முன்பே, சிறிய வகுப்புக்கள், நூல்நிலையம், சித்திரம், சங்கீதம் ஆகியவற்றைக் கோரும் அறிக்கையொன்றைச் சங்கம் வெளியிட்டிருந்தது. பாடசாலைக்குச் சேரவேண்டிய சொத்துவரி நகர அபிவிருத்தி நிதியென்ற பெயரில் எங்கே போகின்றது என்றும் அது வினாவியது. நூற்றாண்டொன்று கழிந்து ஹேலியின் கேள்வியே மீண்டும் கேட்கப்பட்டது.

வெற்றிகள் முழுமையானவையல்ல. அடுத்த மே மாதத்திலேயே கல்விச் சபை ஏறத்தாழ 50 பாடசாலைகளை மூடத் தீர்மானித்தது. பாதிப்புற்ற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஊர்வலங்களும் கண்ணீரும் அதனைத் தடுக்கவில்லை. ஆயினும், 2015இல் டயற் உயர்பாடசாலைக்காகப் பெற்றோரும் அயலவரும் 34 நாள் உண்ணாநோன்பிருந்தார்கள். மறு ஆண்டில் அப்பாடசாலை மீளத் திறக்கப்பட்டது. 2019இல் இன்னொரு வேலைநிறுத்தத்தின் பயனாக, ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு தாதியும் ஒரு சமூக ஊழியரும் வேண்டுமென்பது உடன்படிக்கையில் இடம்பெற்றது.

கல்விச் சபையை மக்களே தெரிவுசெய்யவேண்டுமென்று பெற்றோரும் ஆசிரியரும் பல்லாண்டுகள் கேட்டுவந்தனர். 2021இல் அதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. 2024 நொவெம்பரில், 21 பேர் கொண்ட சபைக்கு முதற் பத்து உறுப்பினரைச் சிக்காகோ மக்கள் தம் வாக்கினாலேயே தெரிவுசெய்தார்கள்.