மருந்தோடு ஒரு சொல்

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் மக்கள் "டாக்டர் ஐயா" என்று மரியாதையோடு அழைத்துவந்தவர்களுள் பலர் டாக்டர்கள் அல்லர். தோட்ட மருந்தகத்தைப் பார்த்துவந்த வைத்திய உதவியாளர்களே. மருந்து கலந்து கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுவதில்லை.

1916ஆம் ஆண்டில் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். மருந்தால் புழு வெளியேறியது. ஆயினும், மலசலகூடம் இல்லாத லயங்களின் அசுத்த மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து அது மீண்டும் உடம்பில் ஏறிற்று. குடலில் தங்கும் அப்புழு குடிப்பதோ இரத்தம். கூடை சுமந்து மலையேறும் பெண்ணுக்கு அந்த இழப்பு எளிதன்று.

அவளுடைய இரத்தச்சோகைக்கு இன்றும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதை அவள் சூடான சாயத்தண்ணீரோடு விழுங்கினால் என்னவாகும்? தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பற்றிக்கொள்ளும். உடம்பில் சேரவேண்டியது சேராமற் போகும். அவள் பறித்த கொழுந்தே அவளுக்குப் பகையாவது எத்தகைய விந்தை! "வெறுந் தண்ணீரோடு விழுங்கம்மா, தேத்தண்ணியை இரண்டு மணிநேரம் கழித்துக் குடி" என்று மருந்து கொடுப்பவர்தாம் சொல்லவேண்டும். பதுளை நகரத்து மருந்துக்கடையில் கூட்டம் நெரிக்கும் சம்பள நாளிலும் அதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.