குறைந்தது கொழுப்பா, தண்ணீரா?
(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற மாதம் நாம் நடத்திய சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை முகாமில் ஒரே கேள்வியைப் பலரும் கேட்டார்கள். “சோற்றை நிறுத்தினேன், ஒரே வாரத்தில் நாலு கிலோ குறைந்துவிட்டது. கொழுப்பு கரைகிறதுதானே?” இரண்டு பேர் இன்னொன்றும் சொன்னார்கள்: “எடை இறங்கிவிட்டது, அதனால் மாத்திரையையும் விட்டுவிட்டேன்.” அந்த இரண்டாவது பேச்சுக்காகத்தான் இன்று இதை எடுத்திருக்கிறேன். நான் டாக்டர் அல்ல. படித்ததையும் மருத்துவர்களிடம் கேட்டதையும் சொல்கிறேன்.

சோறு, இட்லி, ரொட்டி, சர்க்கரையை ஒதுக்கி, கறி, முட்டை, பாதாம், நெய், காய்கறி என்று சாப்பிடும் முறை தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் பரவியிருக்கிறது. நியாண்டர் செல்வன் எழுதியவையும், அவர் தொடங்கிய ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ முகநூல் குழுவும் இதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. இரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்குங்கள் என்று அங்கே சொல்வார்கள். நம்மவர்களோ வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை மட்டும் பார்த்துத் தொடங்குகிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நாலு கிலோ என்றால் 30,000-க்கு மேல். ஏழு நாளில் அது கரைய வேண்டுமானால் தினமும் 4,400 கலோரி பற்றாக்குறை வர வேண்டும். மலைத்தோட்டத்தில் நாள் முழுக்க மண் கொத்துகிறவருக்குக்கூட அவ்வளவு செலவாகாது. ஒரு கவளமும் உண்ணாமல் கிடந்தாலும் நடக்காத கணக்கு இது.

அப்படியானால் போனது என்ன? பெரும்பகுதி தண்ணீர். நாம் தின்னும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடல் கிளைகோஜன் என்ற பெயரில் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. மொத்தம் அரைக் கிலோ அளவு இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றதும் அந்தச் சேமிப்பு செலவாகிறது; பிடித்திருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாகத் தள்ளுகிறது. முதல் வாரம் அடிக்கடி சிறுநீர் போவதும், தலை கிறுகிறுப்பதும் இதனால்தான். பெருநாளில் இரண்டு வேளை பிரியாணி சாப்பிட்டதும் இரண்டு கிலோ ஏறிவிட்டதே என்று அழாதீர்கள். அதுவும் பெரும்பாலும் அதே தண்ணீர்தான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், பருமனானவர்களுக்குப் பத்து நாள் 800 கலோரி உணவு கொடுத்தார்கள்: ஒரு முறை மாவுச்சத்து மிகக் குறைவாக, இன்னொரு முறை கலந்த உணவாக. முதல் வகையில் நாளொன்றுக்குச் சராசரி 467 கிராம் எடை குறைந்தது. இரண்டாவதில் 278 கிராம்தான். பார்த்தால் முதலாவதே வெற்றி. ஆனால் அந்த 467 கிராமில் 61 சதவீதம் தண்ணீர், 35 சதவீதம் கொழுப்பு. 278 கிராமில் 37 சதவீதம் தண்ணீர், ஏறத்தாழ 60 சதவீதம் கொழுப்பு. பெருக்கிப் பாருங்கள், இரண்டிலும் தினமும் கரைந்த கொழுப்பு 165 கிராமை ஒட்டித்தான் வருகிறது! வித்தியாசம் காட்டியது தண்ணீர்.

அதற்காக இந்த உணவு முறையே பொய் என்று நான் சொல்லவில்லை. 2018-இல் வெளியான ஆய்வில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ இறங்கியது. பெரிய வேறுபாடில்லை, எதை விடாமல் கடைப்பிடிக்க முடிகிறதோ அது பலன் தருகிறது. சர்க்கரை நோய்க்கோ மாவுச்சத்தைக் குறைப்பது நிச்சயம் உதவும். சென்னை ஆய்வாளர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் 18,090 பேரின் உணவை வைத்துக் கணக்கிட்டு 2022-இல் சொன்னது, புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தைக் கூட்ட வேண்டும் என்பது. அதாவது தட்டில் சோறு குறைய வேண்டும், பருப்பும் முட்டையும் மீனும் கூட வேண்டும். சோற்றை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. பாதாமும் நெய்யும் வாங்க வசதியில்லாத வீட்டிலும் இது முடியும். கொண்டைக்கடலை இருக்கிறது, நம் மலையில் விளையும் பீன்ஸ் இருக்கிறது.

அடுத்தது தசை. நம் பெண்களில் சிலர் சோற்றை விட்டதோடு சரி. அதற்குப் பதிலாக எதையும் வைப்பதில்லை. காலையில் டீ, மதியம் இரண்டு துண்டு காரட். இப்படிச் செய்தால் தண்ணீரோடும் கொழுப்போடும் தசையும் கரையும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் போன தசை எளிதில் திரும்பாது. சாதாரண நாளிலேயே 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். எடை குறைக்கும் காலத்தில் அதற்கும் மேலே. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேட்கவேண்டும். புரதத்தோடு உடலுக்கு வேலையும் வேண்டும். பையைச் சுமந்து மேட்டுத் தெருவில் ஏறினாலும் அது வேலைதான். தசை போகிறதா என்று அறிய எடை மெஷின் உதவாது. சஜ்தாவிலிருந்து எழும்போது முன்பு தேவைப்படாத கை இப்போது தரையைத் தேடுகிறதா என்று பாருங்கள். (ஷாஃபிஈகள் சுன்னத்தாகக் கையூன்றுவது வேறு விஷயம்.) கொழுப்பு போகிறதா என்றறிய தையல்காரர் நாடாவால் இடுப்பை மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

இனி மாத்திரை விஷயம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு, உப்பும் தண்ணீரும் போன நிலையில் அழுத்தம் தாழ்ந்துவிடும். நம் ஊர்க் குளிரில் தாகமும் தெரியாது. படிக்கட்டிலும் சரிவிலும் தலை சுற்றி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளும் இப்போது பரவலாக எழுதப்படுகின்றன. அவற்றோடு மாவுச்சத்தை அடியோடு விட்டால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் தேங்கலாம். இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே இது வருவதுதான் ஆபத்து. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் “சர்க்கரை நார்மல்தானே” என்று வீட்டில் படுத்திருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். நோன்பு காலத்தில் இவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் புதிதாக எந்த டயட்டையும் தொடங்காதீர்கள்.

எடை குறைந்து சர்க்கரையும் இறங்கினால் மாத்திரையைக் குறைக்க வேண்டி வரலாம். சிலருக்கு நிறுத்தவும் முடியும். அதைப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மருத்துவர்தான் செய்ய வேண்டும். முதல் வாரத்து எடை மெஷினைப் பார்த்து நாமாகச் செய்யக் கூடாது.

அடுத்த முகாமுக்கு வரும்போது எல்லோரும் மாத்திரை அட்டைகளை எடுத்து வாருங்கள். எடையோடு இடுப்பளவும் எழுதிக்கொடுக்க ஏற்பாடு செய்கிறோம். பெண்களுக்குத் தனி அறையில் சகோதரிகளே அளப்பார்கள். சோற்றை ஏற்கெனவே நிறுத்தியவர்கள் முகாம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.