முதலில் அறை, பிறகே கருவி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இசையிலும் இலக்கியத்திலும் வல்லோர் பலர் வீற்றிருக்கும் இம்மேடையில், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ஓர் இரயில்வே எழுத்தரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். காரணத்தை நான் அறிவேன். என் வீட்டு மாடியில், பத்தடிக்குப் பதினோரடி அளவுள்ள அறையில், சிறியதோர் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறேன். நம் குடியிருப்புப் பிள்ளைகள் அங்கே வந்து பாடுகிறார்கள். இப்பொழுது வேறு சில வீடுகளிலும் அத்தகைய அறைகள் தோன்றியுள்ளன. "கையில் உள்ள பணமோ சிறிது; எந்தக் கருவியை முதலில் மாற்றலாம்?" என்று இளைஞர்கள் அடிக்கடி என்னை வினவுகிறார்கள். விடையை முன்னதாகவே கூறிவிடுகிறேன். முதலில் மாற்ற வேண்டியது கருவியன்று, அறை.

வீட்டிலேயே ஒலிக்கூடம் அமைப்பது இக்கன்னட நாட்டுக்குப் புதிதன்று. மைசூர் மகாராஜா கல்லூரியில் உளநூல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசுவாமி அவர்கள், 1935-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே 30 வாட் ஆற்றலுள்ள சிறு ஒலிபரப்பியைக் கொண்டு வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்னும் பெயரை முதலில் தாங்கியது அந்த வீட்டு நிலையமே. பின்னர் 250 வாட் ஒலிபரப்பி வந்தது. அதன் பின் அரசு அதனை ஏற்றது. 1955-இல் நிலையம் பெங்களூருக்குப் பெயர்ந்தது. பேசுவதற்குப் பொருளும் பாடுவதற்குக் குரலும் முதலில் இருந்தன. ஆற்றல் பிறகே பெருகிற்று என்பதை இங்கே நோக்குக.

தமிழகத்திலும் சான்று உண்டு. ஏ. ஆர். ரகுமான் அவர்கள் 1989-இல் சென்னையில் தம் வீட்டை ஒட்டியே சிறு கூடம் ஒன்றை அமைத்தார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் இசை அங்கே உருவாயிற்று. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2019-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெரும்பகுதி, அவர்தம் தமையனாரின் படுக்கையறையில் பதிவானது; அடுத்த ஆண்டு அது கிராமி விருதும் பெற்றது. ஆகவே, வீடு சிறிது என்று எவரும் உளம் தளர வேண்டுவதில்லை. ஆயினும் வரிசை தவறினால் என்ன நேரும் என்பதற்கு நானே சான்று.

என் அன்னையார் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதியில், சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். வட ஆர்க்காட்டிலிருந்து அங்கே குடியேறிய முன்னோரின் பெயர்களையெல்லாம் கோத்து, தம் பாட்டியார் பாடிய தாலாட்டொன்றை அவர் பாடுவார். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் அவ்வரிசை வீடுகளில் வாழ்ந்த உறவினர் பல திசைகளிலும் சிதறினர். எங்கள் குடும்பத்துக்கு வேறு எழுத்துச் சான்று இல்லை. அந்தத் தாலாட்டே எங்கள் வமிசாவளி.

அதனைப் பதிந்துவைக்க எண்ணி, 18,000 ரூபாய் கொடுத்து உயர்ந்த கண்டென்சர் மைக் ஒன்றை வாங்கினேன். சுவர்கள் வெறுஞ்சுவர்கள், தரையோ வழவழப்பான டைல்ஸ். கோடைக்காலமாதலால் மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அன்னையார் பாடி முடித்து, "எல்லாம் அதில் ஏறிவிட்டதா, தம்பி?" என்று கேட்டார். கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் சற்றே கேட்டுப் பார்த்துவிட்டு, "ஏறிவிட்டது, அம்மா" என்றேன். எட்டுத் திங்கள் கழிந்து அவர் மறைந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவில், நண்பர் ஒருவரின் நல்ல ஹெட்போனை அணிந்து அப்பதிவைக் கேட்டேன். விசிறியின் இரைச்சல், சுவரின் எதிரொலி, கீழ்வீட்டுக் குக்கரின் சீழ்க்கை இவற்றினூடே அன்னையாரின் குரல் எங்கோ தொலைவில் கேட்டது. மூன்று பெயர்கள் விளங்கவேயில்லை. இக்காலத்து மென்பொருள்களைக் கொண்டு முயன்றேன். இரைச்சல் குறைந்தது, ஆனால் அம்மூன்று பெயர்களும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக ஒலித்தன. இனி கேட்டுத் தெளிய ஆள் இல்லை.

மைக்கின்மேல் குற்றமில்லை. கூர்மையான செவியுடைய அது, அறையில் இருந்ததையெல்லாம் உள்ளவாறே பதிந்தது. என் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுகிறேன். ஒரு தடத்தில் இருவழிப்பாதைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் ஒற்றைவழி இருந்தால், நாளொன்றுக்கு எத்தனை வண்டிகள் போகலாம் என்பதை அந்த ஒற்றைவழியே முடிவு செய்யும். அதை விட்டு நிலையத்துக்குப் பளிங்கு பதித்தால் ஒரு வண்டியும் கூடுதலாக ஓடாது. ஒலிப்பதிவும் அவ்வாறே. அறை, மைக், இன்டர்பேஸ், கணினி எனக் குரல் செல்லும் வழியில் எவ்விடம் குறுகியதோ அவ்விடத்தையே முதலில் திருத்த வேண்டும். முதலிடத்தில் இழந்ததைக் கடைசியிடத்தில் மீட்க இயலாது.

இனி, நான் பட்டறிந்த வரிசையைச் சொல்கிறேன்.

முதலாவது, அறையின் அமைதி. இதற்குச் செலவே இல்லை. பதியும் வேளையில் விசிறியையும் அடுத்த அறைக் குளிர்பெட்டியையும் நிறுத்துங்கள். முடிந்தபின் குளிர்பெட்டியை மறவாமல் மீண்டும் இயக்குங்கள். இல்லையேல் இல்லத்தரசியாரிடம் விடை சொல்ல வேண்டிவரும்! பிறகு எதிரொலியை அடக்குங்கள். பாடுபவரின் பின்னும் பக்கங்களிலும் கனத்த பஞ்சு மெத்தையோ ஜமுக்காளமோ தொங்கவிட்டாலே பெரும் வேறுபாடு தெரியும். பணம் சேர்ந்தால், மரச்சட்டத்தில் ராக்வூல் அடைத்து, துணியால் நன்கு மூடிச் சுவரில் மாட்டலாம். முட்டை அட்டைகளை ஒட்டுவதில் பயன் சிறிது. அவை எளிதில் தீப்பற்றுவனவுமாம். ஒன்றை மறவாதீர்கள்: மெத்தை எதிரொலியைக் குறைக்குமேயன்றித் தெருவில் போகும் பேருந்தின் ஒலியைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாக் கதவும் வேண்டும். அவை இல்லாதார் விடியற்காலையில் பதிக.

இரண்டாவது, மைக்கை வைக்கும் முறை. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். தொலைவு இருமடங்கானால் நேரே வரும் குரல் 6 டெசிபெல் குறையும். எதிரொலியோ ஏறத்தாழ அப்படியே நிற்கும். உறுதியான தாங்கியும், 'ப', 'ப்ப' முதலிய எழுத்துகளில் காற்று மோதாமல் காக்கும் வலைத்திரையும் சிறு செலவில் கிடைப்பவை.

மூன்றாவது, செவியை மூடியிருக்கும் நல்ல ஹெட்போன். பிழையைப் பிழை என்று அறிவிப்பது இதுவே. இஃது என்னிடம் இருந்திருந்தால் அன்றைக்கே அன்னையாரை மறுமுறை பாடச் சொல்லியிருப்பேன்.

நான்காவது, மின்சாரமும் பாதுகாப்பும். எர்த் இணைப்பு சரியில்லாத வீட்டில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பதிவில் ஏறலாம். அதற்காக எர்த் கம்பியைத் துண்டிப்பது உயிருக்கு உலை வைப்பதாகும், மின்பணியாளரை அழையுங்கள். பதிந்ததை இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

ஐந்தாவதாகவே மைக்கும் இன்டர்பேசும். அடங்காத அறையில் பாடுவோர்க்கு, அருகிலுள்ள குரலை மட்டும் பெரிதும் ஏற்கும் டைனமிக் மைக் நலம். அமைதியான அறை உடையவர் கண்டென்சர் வாங்கலாம். அதற்கு 48 வோல்ட் தரும் இன்டர்பேஸ் வேண்டும். இரண்டு மைக் இணைக்கும் வசதியும் 24 பிட் பதிவும் இருப்பின் வீட்டுக்கு அது போதும்.

இறுதியாகவே பெரிய ஸ்பீக்கர்களும் புதிய கணினியும். பழைய கணினியிலும் ஒருவர் பாட்டைத் தாராளமாகப் பதியலாம். ஆடாசிட்டி போன்ற மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது.

இன்னும் ஒரு சொல். 1902-இல் கல்கத்தாவில் ஒரு விடுதி அறையையே கூடமாக்கி, கௌஹர் ஜான் அம்மையாரின் பாட்டை ஓர் ஆங்கில நிறுவனத்தார் பதிந்தனர். பாட்டின் முடிவில் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே கூறுவார். பின்னாளில் மைசூர் வந்து 1930-இல் அங்கேயே மறைந்த அவரை, இன்றும் இசைத்தட்டைக் கேட்போர் ஐயமின்றி அறிகின்றனர். நீங்களும் ஒவ்வொரு பதிவிலும் பாடுபவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் முதலில் சொல்லச் செய்யுங்கள்.

நம் குடியிருப்பில் எழுபதைக் கடந்த தாய்மார் பலர் உள்ளனர். அவர்கள் அறிந்த பாட்டுகள் எந்த ஏட்டிலும் இல்லை. என் மாடியறைச் சுவர்களில் இப்பொழுது மெத்தை தொங்குகிறது, விசிறி நிற்கும், ஹெட்போனும் உண்டு. ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு அறை திறந்திருக்கும். புதிய கருவி வாங்கும்வரை காத்திராமல், உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்து வாருங்கள். மாடிப்படி ஏற இயலாதவர் வீட்டுக்குக் கருவிகளோடு நானே வருகிறேன்.