கயிற்றை அவிழ்த்து விடுங்கள்

(மஹல்லா குடும்ப ஒன்றுகூடலில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

போன வருடம் இதே மேடையில் ஓர் இளைஞருக்குப் பொன்னாடை போர்த்தினோம். பலருக்கு நினைவிருக்கும். பகலில் ஷூ கம்பெனி வேலை, இரவில் வீடு வீடாகச் சாப்பாடு டெலிவரி. அக்காவின் நிக்காஹுக்கு வாங்கிய கடனை ஒற்றை ஆளாக அடைத்துக்கொண்டிருந்தார். 'சிறந்த உழைப்பாளி' என்று கேடயமும் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து ஒரு விடிகாலையில், பைக் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்து, நின்றிருந்த லாரியில் போய் மோதினார். அல்லாஹ் உயிரைக் காப்பாற்றினான். தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவருடைய தாயார் எங்களிடம் கேட்டார்: "நாலு மணி நேரம் தூங்கி ஓடுற பிள்ளைக்குக் கேடயம் கொடுத்தீங்களே, ஒரு நாளாவது 'தூங்குனியாப்பா'ன்னு கேட்டீங்களா?"

எங்களிடம் பதில் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு வந்தோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. இன்று பேச வேறு தலைப்புதான் கொடுத்திருந்தார்கள். கமிட்டியில் சொல்லி மாற்றிக்கொண்டோம்.

மத்ரஸாவில் ஓதிய காலத்தில் படித்த ஒரு ஹதீஸ். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது, அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் வந்தபோது இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. இது என்ன என்று கேட்டார்கள். ஸைனப் (ரலி) அவர்களுடைய கயிறு, தொழுது தொழுது களைத்துப்போனால் இதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று பதில் வந்தது. நபியவர்கள் அதைப் பாராட்டவில்லை, அவிழ்த்துவிடச் சொன்னார்கள். தெம்பு இருக்கும்வரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்பதுதான் அவர்கள் சொன்னதன் கருத்து.

கவனியுங்கள், அது தொழுகை! தொழுகைக்கே கயிறு கட்டிக்கொள்ள வேண்டாம் என்ற மார்க்கம், கடைக்கும் கம்பெனிக்கும் ஓவர்டைமுக்கும் கயிறு கட்டச் சொல்லுமா? நாம் கட்டியிருக்கிறோம். இரவு 10 மணிக்குக் குடிக்கிற டீ ஒரு கயிறு. வயிறு எரிந்தால் போடுகிற மாத்திரை ஒரு கயிறு. 'இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிருவோம்' என்பது எல்லாவற்றிலும் பெரிய கயிறு.

அறக்கட்டளையின் பணம் அமானிதம் என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வைக்கிறோம். வருடா வருடம் ஆடிட்டர் வந்து பார்க்கிறார். உடலின் தெம்பும் அமானிதம்தான். அதற்கு மட்டும் வரவு எழுதாமல் செலவு எழுதிக்கொண்டிருக்கிறோம். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம். நம் வீட்டுப் பிளஸ் டூ பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்று இங்கே உடனே சொல்லக்கூடிய தகப்பனார் எத்தனை பேர்?

எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறோம். அறக்கட்டளையின் இலவச டியூஷனை இஷாவுக்குப் பிறகு 9 மணிக்கு ஆரம்பித்து 11 வரை நடத்தினோம். வாத்தியார்களுக்கு அப்போதுதான் நேரம். பாதிப் பிள்ளைகள் மேஜையில் தலை சாய்த்துவிடுவார்கள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? டீ வாங்கிக் கொடுத்தோம்! குடித்த டீயிலுள்ள காபீனில் பாதி அளவு உடலைவிட்டு இறங்கவே ஏறக்குறைய 5 மணி நேரமாகிறது. 10 மணிக்கு டீ குடித்த பிள்ளை வீட்டுக்குப் போய் எப்படித் தூங்கும்? போனைத்தான் எடுக்கும். பிறகு பஜ்ருக்கு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை என்று அதன்மீதே கோபித்துக்கொண்டோம். இந்த ஆண்டு முதல் டியூஷன் பஜ்ருக்குப் பிறகு, நாஷ்டாவோடு. வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருப்பது உண்மைதான். வருகிறவர்கள் விழித்திருக்கிறார்கள்.

அதிகாலையில் தம் உம்மத்துக்கு பரக்கத் கிடைக்க நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். அதை அறிவித்த ஸக்ர் (ரலி) ஒரு வியாபாரி. தம் சரக்கைக் காலையிலேயே அனுப்பி வைத்து செல்வந்தரானார் என்று அபூதாவூதில் இருக்கிறது. இதை நாம் எல்லோரும் மேடையில் சொல்வோம். ஆனால் இஷாவுக்குப் பிறகு வீண்பேச்சை நபியவர்கள் வெறுத்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. காலையின் பரக்கத்துக்கு இரவில்தான் விலை கொடுக்க வேண்டும். நள்ளிரவில் நம் தெரு டீக்கடையில் நிற்கிற கூட்டம் பகலில்கூட இருப்பதில்லை. கமிட்டிக் கூட்டமும் அந்த நேரத்தில்தான் நடந்தது, அதையும் ஞாயிறு அஸருக்கு மாற்றிவிட்டோம். கூட்டம் இப்போது மஃரிப் பாங்கோடு முடிந்துவிடுகிறது, சண்டையும் குறைந்திருக்கிறது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒன்று. மதிய உணவுக்குப் பிறகு கண் சொக்குவது சோம்பல் அல்ல, உடலின் இயல்பு. நம் முன்னோர் 'கைலூலா' என்று கொஞ்சம் சாய்ந்து எழுந்தார்கள். 20 நிமிடம் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் எழும்போது தலை கனத்து, இரவுத் தூக்கமும் கெடும். உங்கள் கடைப் பையன்களுக்கும் அந்த 20 நிமிடத்தைக் கொடுங்கள். இந்த நாட்டின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் நடுவில் அரை மணி நேர ஓய்வு கொடுக்கச் சொன்னது. முதலாளிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இனி தாய்மார்களின் விஷயம். அதிகாலை 4 மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, கம்பெனி வேனைப் பிடித்து, திரும்பி வந்து மறுபடி அடுப்படி. 'எப்பவும் அசதிங்கறா, வேலைக்கு வளையமாட்டேங்கறா' என்று மருமகளைச் சொல்கிற மாமியார்களும் இங்கே இருக்கிறீர்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. படி ஏறினால் மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, எதிலும் மனம் செல்லாதது எல்லாம் அதனால் இருக்கலாம். தைராய்டாக இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். பரிசோதிக்காமல் சோம்பேறி என்று பட்டம் கட்டுவது அநியாயம். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிக்கும் வழக்கத்தையும் விடுங்கள். உணவிலிருக்கும் இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது குறைக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: ராத்திரி பாத்திரத்தை நீங்கள் கழுவினால் உங்கள் வீட்டில் ஒருவருக்கு அரை மணி நேரத் தூக்கம் கூடும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலையில் இருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) சொல்லியிருக்கிறார்கள்.

'கடன் இருக்கிறதே, தூங்கினால் யார் அடைப்பது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெறும் உபதேசத்தால் அந்த இளைஞரின் கண் மூடியிருக்காது. வட்டிக்கு வாங்கிய கடன் அவரை ராத்திரியில் ரோட்டில் ஓடவிட்டது. ஆகவே மீதிக் கடனை அறக்கட்டளையே அடைத்துவிட்டது. அவர் கால் ஊன்றி வேலைக்குப் போனபின், அழகிய கடனாக, முடிந்ததை மாதாமாதம் தந்தால் போதும். இரண்டு வேலை பார்த்து ஓடும் வேறு பிள்ளைகள் இருந்தால் எங்களிடம் பெயர் சொல்லுங்கள், இரகசியமாக வைத்துக்கொள்வோம். இந்த வருடம் கேடயத்துக்கு ஒதுக்கிய தொகையையும் அதே கணக்கில் சேர்த்திருக்கிறோம்.

வரும் ஞாயிறு காலை 10 மணி முதல் லுஹர் வரை மத்ரஸா கட்டிடத்தில் பெண்களுக்கு இரத்தப் பரிசோதனை நடக்கும். பெண் மருத்துவர் வருகிறார், கட்டணம் இல்லை. மாமியார்களும் மருமகள்களும் சேர்ந்தே வாருங்கள். வஸ்ஸலாமு அலைக்கும்.