மீன் வளர்ச்சிக்கு நுண்சத்துக்கள்

(ஓசூர் வட்டாரப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் மீன் வளர்ப்போரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராகியும் மாவும் விளையும் நமது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏரிகளும் பண்ணைக்குட்டைகளும் மீன் விளையும் வயல்களாகவும் இருக்கின்றன. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி, டாக்டர் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி முட்டையிடச் செய்தார். ஆற்றுக் குஞ்சுகளையே நம்பியிருந்த நிலை அதனால் மாறிற்று. இன்று நல்ல குஞ்சு கிடைக்கிறது. ஆயினும் குஞ்சு விட்டோர் அனைவரும் ஒரே அளவு பலனைக் காண்பதில்லை. இதற்குரிய காரணங்களுள் ஒன்றைப்பற்றி இன்று சிந்திப்போம்.

நாம் வழக்கமாக இடும் தீவனம், தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம எடையில் கலந்ததாகும். இதில் மாவுச்சத்தும் புரதமும் உண்டு. ஆனால் நெல்லுக்கு உரங்கள் இட்டபின்னும் துத்தநாகம் குறைந்தால் பயிர் குன்றுவதை நாம் அறிவோம். மீனுக்கும் அவ்வாறே.

பெரும்பாலான மீன்கள், மனிதரைப் போலவே, வைட்டமின் 'சி'யைத் தம் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாதவை. அது குறைந்தால் முதுகெலும்பு வளையும்; செவுள் மூடி சரியாக அமையாது; புண் எளிதில் ஆறாது. துத்தநாகம் குறைந்தால் வளர்ச்சி தடைப்படும், கண்ணில் புரை விழும், துடுப்பு அரிக்கும். சாதாக் கெண்டைக்கு ஒரு கிலோ தீவனத்தில் 15 முதல் 30 மில்லிகிராம் துத்தநாகமே போதுமானது. அளவு சிறிது, பயனோ பெரிது. இரத்தத்திற்கு இரும்பும், எலும்புக்கு மாங்கனீசும் அவசியம்.

தவிட்டிலும் துத்தநாகம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருப்பது உண்மை. ஆனால் தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் அதைப் பிணைத்து வைத்திருப்பதால், மீன் அதை முழுவதும் பெற முடிவதில்லை.

சாணமிட்டுப் பசுமை கண்ட குளத்தில், மிதக்கும் நுண்ணுயிர்களே இச்சத்துக்களில் பெரும் பங்கை அளித்துவிடும். குஞ்சுகளை நெருக்கமாக விடும்போதோ அந்த இயற்கை உணவு போதாது. அப்பொழுது 100 கிலோ தீவனத்திற்கு 1 முதல் 2 கிலோ வரை, மீனுக்கென்றே தயாரித்த வைட்டமின் தாதுக் கலவையைச் சேர்க்கலாம். தீவனத்தை வேகவைப்போர், அது ஆறிய பின்னரே கலவையைச் சேர்க்க வேண்டும். வெப்பம் வைட்டமின் 'சி'யை அழித்துவிடும். உருண்டையாக்கித் தட்டில் வைத்தால் சத்து நீரில் கரைந்து வீணாவது குறையும். மீன் வளர்ப்புச் செலவில் தீவனமே பெரும் பகுதி என்பதை மறவாதீர்கள்.

இனி, நமது எல்லைப்புறத்திற்கே உரிய ஒரு செய்தி. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவையும் ஏற்றுக்கொண்டு நம்மிடம் வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கிய காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். தீவனத்தில் சிறிதளவு இருந்து உயிர் வளர்க்கும் செம்பும் துத்தநாகமும், நீரில் மிகுதியாகக் கரைந்து வந்தால் செவுளைத் தாக்கும் நஞ்சாகிவிடும். கழிவுநீரின் சத்து மிகுந்து பாசி பெருகினால், விடியற்காலையில் பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். எனவே, ஆற்றுநீரில் தாது உண்டு, கலவை எதற்கு என்று எவரும் எண்ணலாகாது.

இங்கே பஞ்சாயத்தின் பொறுப்பு பெரிது. ஏரியை மீன் குத்தகைக்கு விடுமுன் நீரைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். பட்டறைக் கழிவு வாய்க்காலில் கலந்தால் உடனே தடுக்க முயலுங்கள். குத்தகைத் தொகை எவ்வளவு என்று கேட்பதோடு, நீர் எத்தகையது என்றும் கேளுங்கள். மீன்துறை அலுவலரையும், பாரூரிலுள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்தையும் அணுகி ஆலோசனை பெறுங்கள்.

அந்த மீனை உண்பவர் நம் குழந்தைகளே. குளத்து நீரைக் காத்து, தீவனத்தைச் செம்மை செய்வோமாயின், மீன் வளரும். அதனோடு நம் குடும்பங்களும் வளரும்.